சுவருக்கு அந்தப்புறம் சுற்றிய சக்கரம்

ரசூல் பீவியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றே ஒன்று உண்டு. அவர் தடுத்தும் கேட்காமல் அருமையான வெண்கல வார்ப்பு ஒன்றைக் குட்டிச்சுவராக்கியவன் நான். அந்தப் பெருமை தண்டையார்பேட்டையில் வேறு யாருக்கும் கிடையாது.

என் பெயர் பாஸ்கல். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் பேனா பிடிக்கும் கைக்கு ஏழாம் நாள் இரும்பைத் தொடாவிட்டால் அரிப்பு எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசாமல் நேரே லியாகத் அலி வீட்டுக்கு நடையைக் கட்டுவேன். லியாகத் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பிட்டர். யார்டில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் அதையே விளையாட்டாகச் செய்கிறவர். அவரிடம் ஒரு லேத்து, உலோகத்தைச் சுழலவிட்டு உளியால் கடைகிற இயந்திரம், இருந்தது. உடைந்துபோன கப்பல் ஒன்றின் பட்டறைச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. ஆறு மைல் சுற்றளவில் தனி மனிதன் வீட்டில் லேத்து வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

லேத்து இருந்ததே ஒழிய அதைச் சுற்ற இன்ஜின் இல்லை. லியாகத் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் வெட்டி, அச்சில் ஏற்றி, கைப்பிடி போட்டார். அதிலிருந்து தோல் கயிறு ஓடி லேத்தைச் சுற்றும். வீடோ இரண்டே அறை. முன்னறையில் லேத்து வைத்ததும் ஆள் நிற்கவே இடம் போதவில்லை, சக்கரத்துக்கு ஏது இடம்? அதை உள்ளறையில் நிறுத்தி, நடுச்சுவரில் இரண்டு துளை போட்டுக் கயிற்றை விட்டார். உள்ளறை பெண்கள் இடம். கூலிக்கு ஆள் வைத்துச் சுற்றவும் முடியாது. திருகை சுற்றுகிற கைக்கு இது என்ன பிரமாதம் என்று அவர் மனைவி ரசூல் பீவி கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

அந்த அம்மாள் கோஷா, அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். இந்த நாள்வரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. முகம் தெரியாதவரின் சரித்திரத்தை எழுதுகிறாயே என்று சிரிக்காதீர்கள். முகம் தெரிந்த எத்தனையோ பேரைவிட அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வண்ணாரப்பேட்டையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரின் மகள். பித்தளைக்கும் செம்புக்கும் நடுவே வளர்ந்தவர். லியாகத் சொல்லக் கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொம்பைத் தட்டச் சொன்னால் அதில் என்ன கலப்பு என்று சொல்லிவிடுவாராம். கோழைகளைக் கண்டால் ஆகாது. வெற்றிலை போடுவார். வீட்டில் எந்தச் சாமான் உடைந்தாலும் முதலில் அது ஏன் உடைந்தது என்று பார்த்துவிட்டுத்தான் வருத்தப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிலையான ஆட்கள் மூவர்: லியாகத், நான், மின்சார நிலையத்தில் வேலை பார்க்கும் வேலப்பன். வேலப்பன் சைக்கிளில் வருவான். வந்து இறங்கும்போதே ஆலோசனையும் இறங்கும். எஃகைக் கடையும்போது சோப்புத் தண்ணீர் விடு, மரை போடும்போது ஆட்டுக் கொழுப்பு தடவு, இரண்டு தகடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்றில் விளக்குப் புகையைப் பிடித்து மற்றதோடு தேய், எந்த இடம் இடிக்கிறதோ அங்கே கரி அழிந்துவிடும் என்பான். நானும் சளைத்தவன் இல்லை. சிகரெட் தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தால் மயிரிழை இடைவெளியும் தெரியும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பாதி ஆலோசனை பலித்தது. மீதி பாதியால் கெட்ட இரும்பை ஒரு கோணிச் சாக்கில் போட்டு வைத்திருந்தோம்.

இதற்கு நடுவில் சக்கரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை மும்முரமாக நடக்கும்போது சட்டென்று நின்றுவிடும். அடுப்பில் பால் பொங்கியிருக்கும், கை வலித்திருக்கும் என்று நானும் வேலப்பனும் நினைத்துக்கொள்வோம். லியாகத் மட்டும் உளியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொண்டே உளியைச் சாணையில் வைப்பார்.

நான் இரண்டு வருஷமாக ஒரு சின்ன நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தேன். உள்ளங்கையில் நிற்கும் அளவு. சக்கரம், அச்சு, பிஸ்டன் எல்லாம் முடிந்துவிட்டன. டிசம்பரில் பட்டணத்தில் நடக்கும் கைவேலைப் பொருட்காட்சியில் வைக்க வேண்டும் என்பது ஆசை. குமாஸ்தா என்றால் மூட்டை எண்ணத்தான் லாயக்கு என்று நினைக்கிறவர்கள் முன்னால் அது புகை விட்டு ஓட வேண்டும். மிச்சம் இருந்தது சிலிண்டர் ஒன்றுதான். பிஸ்டன் மேலும் கீழும் போக அதில் துளை கடைய வேண்டும். தெரிந்த வார்ப்புக்காரர் ஒருவர் வெண்கலத்தில் இரண்டு சிலிண்டர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மூன்றாவது கேட்க ஆள் இல்லை.

முதல் சிலிண்டரை லேத்தில் மாட்டி, எஃகுக்குத் தீட்டிய உளியை வைத்துத் துளையைக் கடைய ஆரம்பித்தேன். கால் அங்குலம் போவதற்குள் சக்கரம் நின்றது. காத்திருந்தேன். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடியாவிட்டால் முடியாது என்று சொல்லலாமே, நல்ல நேரம் பார்த்து நிறுத்தி என் வேலையைக் கெடுப்பதா என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். லியாகத்தின் முகம் சுருங்கியது. சக்கரம் சுற்றத் தொடங்கியது, இந்த முறை நிற்கவில்லை. நான் உளியைத் தள்ளினேன். உளி வெண்கலத்தைக் கவ்வி உள்ளே இழுத்தது, சிலிண்டர் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு திரும்பியது, வாய் ஓரம் அரை விரல் அகலம் பெயர்ந்து விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கு அண்ணன் நான்.

வேலப்பன் பிளந்த வாயைப் பார்த்து, உளியில் கூர் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னான். நானும் அதையே நம்பினேன். ஒரு வாரம் தினமும் எண்ணெய்க் கல்லில் தீட்டி, முகம் மழிக்கும் கத்தி போல ஆக்கினேன். பொருட்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு கடைசி சிலிண்டரைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனேன். புத்தி கொஞ்சம் வந்திருந்ததால் முதலில் ஒரு பழைய வெண்கலத் துண்டில் உளியைப் பரீட்சை பார்த்தேன். நாலு சுற்று ஓடியதும் சக்கரம் நின்றது. லியாகத் செய்வது போல நானும் உளியைக் கழற்றினேன். அப்போதுதான் ரசூல் பீவி முதல் முறையாக என்னோடு பேசினார்.

"அண்ணே, கூரு பத்தாம இல்ல. கூரு ஜாஸ்தியா கீது. வெங்கலத்துக்கு அது ஆவாது. புட்சி உள்ள இழுக்குது."

வேலப்பன் சிரித்துவிட்டான். மழுங்கின உளியில் கடைகிற அதிசயத்தை எந்தப் பட்டறையிலும் கேட்டதில்லை என்றான். உளியைப் பார்க்காமலே உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் பணிவாகத்தான் கேட்டேன்.

"நீங்க பாக்கறது வெளிய வர்ற தூளு. நான் புடிக்கறது பாரம். ஏழு வருசமா சுத்திகினு கீறேன். அவுரு பழைய மொக்க உளிய வெச்சி பித்தளை கடஞ்சா சக்கரம் லேசா போவுது. புச்சா தீட்டி எட்த்தாந்தா கையில குத்துது, அதான் நிறுத்தறேன். இரும்புக்கு அப்டி இல்ல."

லியாகத் என்னிடமிருந்து உளியை வாங்கினார். எண்ணெய்க் கல்லை எடுத்து, நான் ஒரு வாரம் பாடுபட்டுத் தீட்டிய முனையின் மேல்பக்கத்தில் இரண்டே இழுப்பு இழுத்து மட்டமாக்கினார். மாட்டிக் கடைந்தோம். வெண்கலம் ரவை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. சக்கரம் ஒரே சீராக ஓடியது. கடைந்த இடம் கண்ணாடி. வேலப்பன் குனிந்து அந்தத் தூளை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இனி என்ன, கடைசி சிலிண்டரை மாட்டினேன். ஆனால் ஒரு சங்கடம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது போல, பிஸ்டனை முன்னாடியே கடைந்து முடித்துவிட்டிருந்தேன். இப்போது துளைதான் பிஸ்டனுக்கு அடங்கி வர வேண்டும். ஒரு மயிரிழை பெரிதானால் நீராவி கசியும், இரண்டு வருஷ வேலை அந்தக் கோணிச் சாக்குக்குள் போகும். உளியை நகர்த்தும் கைப்பிடியைப் பிடித்தேன். ஒரே ஒரு இழைப்புதான் போனேன், சக்கரம் நின்றது.

"கை நடுங்குது அண்ணே. எனக்கு இங்க தெரியுது. என்கிட்ட குட்த்துடுங்க, நான் கடயறேன். நீங்க அல்லாரும் தெருவுல போயி நில்லுங்க."

நான் லியாகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். வாரநாளில் அவர் யார்டுக்குப் போனதும் லியாகத்தின் தங்கை சாபிரா சக்கரம் சுற்ற, ரசூல் பீவி லேத்தில் நின்று கடைவாராம். நாலு வருஷமாக நடக்கிறதாம். வேலப்பனின் சைக்கிளுக்குள் இரண்டு வருஷமாக அச்சைத் தாங்கி ஓடும் பித்தளை வளையம், அந்த புஷ், வேலை என்றால் இதுதான் வேலை என்று வேலப்பன் லியாகத்தின் முதுகில் தட்டிப் பாராட்டியது, அது அந்த அம்மாளின் வேலையாம். பாராட்டை நீங்களே வாங்கிக்கொண்டீர்களே என்று நான் கேட்டேன். அந்த வெட்கம்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிவிட்டது என்றார். வேலப்பன் எழுந்து போய் வாசலில் சாத்தியிருந்த சைக்கிளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

என் இரண்டு வருஷத்தை ஒரு பெண் கையில் கொடுப்பதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கவில்லை. அடுத்த நிமிஷம் போன வாரம் என் கையில் பெயர்ந்து விழுந்த வெண்கலம் கண்ணில் நின்றது. பிஸ்டனை எடுத்து லேத்துப் பலகையில் வைத்தேன். இதற்கு அடங்கி வர வேண்டும் அம்மா என்று சுவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கதவு சாத்தப்பட்டது. லியாகத் உள்ளறைக்குப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தார், அந்த அம்மாள் முன்னறைக்கு வந்தார். நானும் வேலப்பனும் பத்தரை மணி வெயிலில், சாக்கடை ஓரம், கதவில் காதை வைக்காத குறையாக நின்றோம். துறைமுகத்தில் எத்தனையோ கப்பலுக்குக் காத்து நின்றிருக்கிறேன், இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. சக்கரம் ஓடியது. விட்டு விட்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்த அம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாவு அரைக்கற மாரி சுத்து. கெணத்துல தண்ணி எறைக்கற மாரி இழுக்காத."

வேலப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதன் பிறகு சக்கரம் சீரானது. பிறகு நின்றது, நெடுநேரம் நின்றது. பிஸ்டனை வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. ஏழு முறை எண்ணினேன்.

கதவைத் திறந்தது லியாகத். தொப்பலாக நனைந்திருந்தார். யார்டில்கூட இப்படி வியர்த்ததில்லை என்றார். அவர் கையில் துணியில் என் சிலிண்டர். எண்ணெய் ஒரு சொட்டு தடவி, துளையின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு மேலே பிஸ்டனை விட்டேன். விழவில்லை. உள்ளே இருந்த காற்று தாங்க, அது தூக்கக் கலக்கத்தில் கண் மூடுவது போல மெல்ல மெல்ல இறங்கியது. விரலை எடுத்தேன், சொத்தென்று அடி வரை போனது. காற்றுகூடத் திணறித்தான் நழுவ வேண்டிய வேலை. தெருவிலேயே நின்று அழுதேன். வேலப்பன் வாங்கி நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, மின்சார நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர்களில் இதைச் செய்யக்கூடியவன் ஒருவன் இல்லை என்றான். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னான்.

உள்ளே போய்ச் சுவருக்கு முன்னால் நின்று, போன வாரம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்றும் கேட்டேன். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. வெகு நாளாக யோசித்து வைத்திருந்தது போலப் பதில் வந்தது.

"திருட்டுத்தனமா கடஞ்சி பேஜாரா கீது அண்ணே. ஞாயித்துக்கெளம பதினோரு மணி வரிக்கும் லேத்து என்னுது. அவுரு சுத்தட்டும். யாரு கேட்டாலும் நான்தான் கடயறேன்னு சொல்லணும்."

லியாகத் சரி என்று சொன்ன குரலில், பெரிய சுமையை இறக்கி வைத்த நிம்மதி இருந்தது.

பொருட்காட்சியில் என் இன்ஜின் மூன்று நாள் நிற்காமல் ஓடியது. பார்த்தவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். அருமையாகச் செய்திருக்கிறாய் என்றவர்களிடம் எல்லாம், மற்றதெல்லாம் நான், சிலிண்டர் மட்டும் தண்டையார்பேட்டை ரசூல் பீவி என்றேன். சிலர் கேலி என்று நினைத்தார்கள். ஒரு பெரிய பட்டறையின் மேஸ்திரி, பெண்பிள்ளை கடைந்ததா, யாரிடம் கதை விடுகிறாய் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஓடுகிற இன்ஜினை நிறுத்தி, சூட்டோடு கழற்றி, சிலிண்டரையும் பிஸ்டனையும் அவர் கையில் கொடுத்து, விரலை வைத்து மூடிப் பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த அம்மாள் உளியை எந்தக் கோணத்தில் தீட்டுகிறார்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணி வரை நாங்கள் தெருவில் நிற்கிறோம். அந்த மேஸ்திரியும் கெட்டுப்போன வெண்கலத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். வேலையற்றவர்கள் கூட்டம் என்று நினைத்துப் போகிற வருகிறவர்கள் இங்கே என்ன விசேஷம் என்று கேட்பார்கள். வேலப்பன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

"உஸ்தாத் கடஞ்சிகினு கீறாங்க. நாங்க கத்துக்க வந்துகீறோம்."