டேவிஸ் சத்தம் போடாமல் செய்த பாக்ஸ்

மைசூர் காந்திநகரில் வண்டிகளுக்குப் பாட்டை அதிர வைக்கும் பாஸ் பாக்ஸ் செய்கிற டேவிஸைத் தெரியாத டிரைவர் குறைவு. பிளைவுட்டை அறுத்து ஒட்டி, சப்வூஃபர் ஸ்பீக்கரைப் பொருத்தி, காற்று வெளியேறக் குழாய் வைத்து முடித்ததும் வால்யூமை முழுக்கத் திருப்புவான். ஜன்னல் கம்பி கிடுகிடுக்காவிட்டால் மகாராஜாவுக்குச் சோறு இறங்காது.

பாவம், பட்டறைச் சுவருக்கு மறுபுறம்தான் அவன் மனைவி சில்வியா தூங்கியாக வேண்டும். இரவு டியூட்டி நர்ஸ். காலை ஒன்பதுக்குப் படுக்கிறவள். பன்னிரண்டு வருஷம் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு சமாளித்தாள். போன செவ்வாய்க்கிழமை ஒரு நோயாளியின் மருந்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏற்றப் போய், கடைசி நொடியில் சீட்டைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

“தூக்கமில்லாம ஒரு உயிரை எடுத்திருப்பேங்க. திங்கக்கிழமைலேருந்து நர்ஸ் ஹாஸ்டல்லயே தங்கிக்கறேன். கட்டில் கேட்டுட்டேன்.”

என் தொழிலே இவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறதே என்று டேவிஸ் நொந்துகொண்டான். ஆனால் போட்டுக் கேட்காமல் பாக்ஸை எப்படிக் கொடுப்பது? சனிக்கிழமை மத்தியானம் ஹனூர் மஞ்சள் வியாபாரி லிங்கப்பன் வேறு வருகிறான், தன் ஆம்னி வேனுக்குச் செய்த பாக்ஸை வாங்க.

வழி ஒன்று உண்டு. சோம்பேறிகளின் வேலை என்று டேவிஸ் இத்தனை நாள் கேலி பண்ணிய வழி. சனிக்கிழமை காலை சில்வியா படுத்ததும் பாக்ஸை மல்லாக்கப் போட்டு, சப்வூஃபரின் கூம்பில் ஒரு சிட்டிகை ராகியைத் தூவினான். போனிலிருந்து சீரான ஒலியை மெல்ல விட்டு, நொடிக்கு இருபது அதிர்விலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினான். ராகி குதித்தது. குழாய் எந்த அதிர்வுக்கு அமைந்திருக்கிறதோ, அங்கே வந்ததும் கூம்பு அசையாது, ராகி அடங்கிவிடும். அவன் கணக்குப் போட்டது முப்பத்தைந்துக்கு. முப்பத்தைந்தில் ராகி ஆடிக்கொண்டே இருந்தது, நாற்பத்தொன்றில்தான் அடங்கியது.

அட முட்டாளே! குழாயும் ஸ்பீக்கரும் உள்ளே அடைத்துக்கொள்கிற இடத்தை அவன் கழிக்கவே இல்லை. இப்படி எத்தனை பாக்ஸ் போயிற்றோ, போட்ட சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை! குழாய் நீண்டால் அதிர்வு இறங்கும். மெஷினைத் தொடாமல் கைரம்பத்தால், பழையதைவிட நாலங்குலம் நீளமான குழாயை அறுத்து மாட்டினான். இப்போது முப்பத்தைந்திலேயே ராகி அடங்கிற்று.

லிங்கப்பன் வந்தான். பாக்ஸை வேனில் ஏற்றியதும் வால்யூமுக்குக் கை போயிற்று. டேவிஸ் ஒயரைப் பிடுங்கினான்.

“ஏனுங்ணா, கேக்காம எப்புடிங்க வாங்கறது?”

“ரிங் ரோட்டுல போய்க் கேளு. சரியில்லன்னா திருப்பிக் கொண்டா. என் பொண்டாட்டி தூங்கறா லிங்கப்பா. ராத்திரி முப்பது பேஷண்ட்டைப் பாக்கணும்.”

இதை எந்த வாடிக்கையாளனிடமும் அவன் சொன்னதே இல்லை. லிங்கப்பன் மூடிய ஜன்னலைப் பார்த்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அப்ப இஞ்சினும் வேண்டாங்க. தள்ளுங்க.”

இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க வேனைத் தெருமுனைவரை தள்ளினார்கள். அரைமணி கழித்து ரிங் ரோட்டிலிருந்து லிங்கப்பன் போன் பண்ணினான். “பாட்டு நெஞ்சுக்குள்ள அடிக்குதுங்ணா!”

நாலரைக்கு சில்வியா எழுந்து வந்தாள். “இன்னிக்கு வேலை இல்லையா?”

“இருந்துச்சு. முடிச்சு அனுப்பிட்டேன்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “இன்னிக்கு மட்டுமா, தினமுமா?”

“தினமும்.”

அவள் போனை எடுத்து ஹாஸ்டலுக்குப் பேசினாள். “சிஸ்டர், அந்தக் கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”