படம் எடுத்தது யார்

ஜீவராணிக்கு வேலை போனது பேஸ்புக்கால் என்று தோட்டமே சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். போனது என்னால்.

அது 2009ஆம் ஆண்டு. ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப்போவார்கள். நான் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரே வயது, ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். வாய் எனக்கு நீளம், பொறுமை அவளுக்கு.

அவளுடைய தங்கச்சி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். தங்கச்சியின் இரண்டு வயது மகள் நிவேதிகா பகல் முழுக்கப் பிள்ளைக்காம்பராவில்தான். "மூஞ்சியே மறந்துரும் போலருக்கு அக்கா, ஒரு படம் அனுப்பு" என்று அவள் போனில் அழுதாளாம். நான் புதிதாக வாங்கிய கேமரா போனில் குழந்தையைப் படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதுளையில் புவாத் நானாவின் இன்டர்நெட் கடைக்குப் போய், ஜீவராணி பெயரில் பேஸ்புக் கணக்குத் திறந்தோம்.

குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது அது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? லயத்துக்கு வீட்டு இலக்கம்கூடக் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். "தோட்டத்துப் பேரயே போடுடி, அப்பதான் தங்கச்சிக்கு நாமன்னு தெரியும்" என்றாள். போட்டேன். குழந்தையின் படத்தையும் ஏற்றினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு!

மூன்று மாதம் கழித்து, கொழும்புத் தலைமை ஆபீசில் யாரோ தோட்டத்தின் பெயரை இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார்கள். வந்து நின்றது அந்தப் படம். குழந்தைக்குப் பின்னால், கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்த மூன்று பேசின்களும் பளிச்சென்று தெரிந்தன. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பார்த்தால் மானம் போகாதா? உடனே சுற்றறிக்கை வந்தது: தோட்டத்தைப் பற்றி யாரும் இன்டர்நெட்டில் எழுதவோ படம் போடவோ கூடாது. கூரையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எல்லோரும் கையெழுத்து வைத்தோம். அதற்குப் பிறகு ஆபீசில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்கூடப் பேச்சில்லை. ஒருவர் போனை எடுத்தால் மற்றவர் எழுந்து போனார்.

சட்டம் வருவதற்கு முன்னால் போட்ட படத்துக்குத் தோட்டத்து மேனேஜர் தொரை விசாரணையும் வைத்தார். இது எந்த ஊர் நியாயமோ! குறிப்பு எழுத நான் உட்கார்ந்திருந்தேன். யாரோ வெளியாளை அவள் பிள்ளைக்காம்பராவுக்குள் விட்டுப் படம் எடுக்க வைத்தாள் என்பதுதான் குற்றச்சாட்டு. அது உறுதியானால் வேலை போய்விடும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அங்கேயே விழுந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

"வெளியாள் யாரும் வரலீங்க தொரை" என்றாள் ஜீவராணி.

"அப்ப படம் எடுத்தது யாரு?" என்று தொரை கேட்டார்.

"அத மட்டும் கேக்காதீங்க ஐயா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பாவி நான், குனிந்த தலை நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அவளை நிறுத்தினார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. அவள் பதுளையில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். இரண்டு மாதம் அவள் கண்ணில் படாமல் சுற்றி நடந்தேன். ஒரு காலை பஸ் நிறுத்தத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"ஏன்டி அன்னைக்கு எம்பேரச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"எப்புடிடி சொல்லுவேன்? ஒனக்கும் போயிருக்குமே."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீயா சொல்லுவேன்னுதான்டி கடைசி வரைக்கும் இருந்தேன்" என்றாள்.