மாமாவின் விரலை நான் காப்பாற்றிய கதை

என் மாமாவின் கைகளில் இன்றைக்கும் பத்து விரல்கள் இருக்கின்றன. அதற்குக் காரணம் நான்தான் என்பதை எந்த விசேஷ வீட்டிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது. அம்மாவின் தம்பியான மாமா வாங்கிப் போட்ட ரம்ப மெஷின்தான் நின்றது. இரும்பு மேஜை, அதன் நடுவே தலைநீட்டும் வட்ட பிளேடு. பகலெல்லாம் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மரத்தூள் என்று மாமாவின் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் டீச்சர். அவர் கூடவே மூன்று பெட்டி புத்தகங்களும் வருகின்றன என்று கேள்விப்பட்டதும், மாமா தன் கையாலேயே அலமாரி செய்யக் கிளம்பிவிட்டார்.

அம்மாவுக்கு அந்த மெஷின் சத்தமே ஆகாது. ஒருநாள் மாமாவுக்குக் காபி கொடுக்கும்போது, "கோயில்ல மோதிரம் போட விரல் வேணும்டா. அதை மட்டும் பத்திரமா வச்சுக்கோ" என்றாள். அவள் போகிறபோக்கில் சொன்னதுதான். எனக்கோ அன்று மதியம் சோறு இறங்கவில்லை. விரல் இல்லாத மாப்பிள்ளைக்கு மோதிரத்தை எங்கே போடுவார்கள் என்று பத்து வயது மூளை ஒரு வாரம் யோசித்தது.

அலமாரித் தட்டுகள் உட்காருவதற்குப் பக்கச் சட்டத்தில் அகலமான பள்ளம் எடுக்க வேண்டும். அதற்குக் காடி என்று பெயர். மெல்லிய பிளேடு அதற்கு உதவாது. இரண்டு பிளேடுகளுக்கு நடுவே கட்டர்களை அடுக்கி, விரற்கடை அகலத்துக்கு மாட்ட வேண்டும். அப்போது மேஜையில் பிளேடைச் சுற்றியிருக்கும் தட்டையும் மாற்றியாக வேண்டும். சாதாரணத் தட்டின் ஒடுக்கமான வாயில் அந்த அடுக்கு இடிக்கும். தட்டே இல்லாவிட்டால் பெரிய ஓட்டை; மரம் அதில் சறுக்கினால் தள்ளுகிற கையும் கூடப் போகும். மாமா இதற்கென்றே பிளைவுட்டில் ஒரு பலகை செய்தார். பிளேடுகளைக் கீழே இறக்கி, பலகையைப் பொருத்தி, குறுக்கே ஒரு கட்டையை வைத்து இறுக்கி, மெஷினை ஓடவிட்டு, பிளேடுகளை மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். பிளேடுகள் தங்களுக்கு வேண்டிய வாயைத் தாங்களே வெட்டிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. பிளேடுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, பலகைக்கு வாய்ப்பலகை என்று பெயர் வைத்து, குழந்தையைக் காட்டுவதுபோல எல்லோருக்கும் காட்டினார்.

இந்தப் பலகை இல்லாமல் காடி எடுக்கவே மாட்டேன் என்று அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. மறுநாளே அதை எடுத்துப் பரண் மேல், கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடில் பொம்மைகளும் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியில் குழந்தை இயேசுவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பலகை இல்லை, காடி இல்லை, விரலுக்கு ஆபத்தும் இல்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வீடு தலைகீழானது. அம்மா காணாமல் போன பொருளுக்கெல்லாம் அந்தோணியாரிடம் போகிறவள். இதற்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். எடுத்தவர்கள் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகவும் சொல்லிவைத்தாள். அந்தோணியாருக்கு எதிராகத் தொழில் செய்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் உதறல்தான். ஆனாலும் தேடியதில் எல்லோரையும்விட நான்தான் மும்முரம். அரிசி டிரம்முக்குள்கூட எட்டிப் பார்த்தேன். மாமா மட்டும் தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது இரும்புலியூரிலிருந்து மாமாவின் நண்பர் வந்தார். அவரும் மரவேலைக்காரர். இருவரும் ஷெட்டில் ஏதோ மெதுவாகப் பேசினார்கள். நான் கதவோரம் போய் நின்றதும் நண்பரின் குரல் உயர்ந்தது.

"இன்னா மச்சான், ஒரு பலகைக்காவ இம்மாம் பேஜாரா? வாயத் தொறந்தாமாரியே வுட்டு ஓட்டு. ஒண்ணியும் ஆவாது."

மாமா பெருமூச்சு விட்டார். "வேற வழியில்ல. போனா ஒரு விரல்தானே."

பழைய தட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேஜை என் மோவாய் உயரம். எனக்குத் தெரிந்தது ஒரு கறுப்பு ஓட்டை மட்டும். சட்டத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தார். அவர் கை சுவிட்சை நோக்கிப் போனது. மோதிரக் கை.

நான் ஓடினேன். கூடத்து ஸ்டூலில் ஏறி மெயினை இறக்கினேன். அடுக்களையில் மிக்ஸி நின்று, அம்மா கரண்ட்காரர்களைத் திட்டுவது கேட்டது. அதே ஓட்டத்தில் பரண் ஏறி, குடில் பெட்டியைக் கலைத்து, பலகையோடு ஷெட்டுக்கு வந்தேன். ஸ்டார் பெட்டியில் கிடைத்தது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

மாமா பலகையை வாங்கித் துடைத்தார். எப்படிப் போயிற்று என்று கேட்கவேயில்லை.

"நல்ல வேளை பாப்பா. நீ மட்டும் வரலன்னா இன்னிக்கு என் விரல் போயிருக்கும்."

நண்பர் திரும்பி நின்று பலமாக இருமினார். அம்மா வந்து அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள். மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாட்டினார். பலகையைப் பதித்து, மேடு பள்ளம் இல்லையே என்று நகத்தால் தடவினார். பிளேடுகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான், மெயினைப் போடும் உரிமையை எனக்குக் கொடுத்தார். பிடிக்கட்டையால் சட்டத்தைத் தள்ளித் தள்ளி, சாயங்காலத்துக்குள் எட்டுக் காடிகளும் எடுத்துவிட்டார். கோயிலில் மோதிரம் ஏறியபோது, என் பங்குக்கு நானும் நிமிர்ந்து நின்றேன்.

போன மாதம் என் வீட்டு அலமாரிக்காக முதல்முறையாக நானே அந்த மெஷினில் காடி எடுக்க இறங்கினேன். பெட்டியைத் திறந்து இரண்டாவது கட்டரை மாட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. நான் பலகையோடு ஓடிவந்த பிறகுதானே மாமா இந்தப் பெட்டியைத் திறந்தார்? அப்படியானால் அந்தக் கறுப்பு ஓட்டைக்குள் வெறும் தண்டுதான் இருந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டிருந்தாலும் ஒரு மயிரிழைகூட அறுந்திருக்காது.

திருடி என்று பெயர் வாங்காமல், அம்மாவிடம் அடி வாங்காமல், அந்தப் பலகையை நான் கொண்டுவந்து கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதையும் மாமா தன் கையாலேயே செய்து வைத்திருந்தார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.