ஓடை மணலில் மானம் காத்த இரண்டு ஹப்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து திரும்பி மல்லசமுத்திரம் பக்கம் ஓர் ஓடை. மொத்தமே எழுபது கிலோமீட்டர் தேறாது. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், போன வருடம் அந்த ஓடை மணலில் என்னோடு நின்றிருக்க வேண்டும்.

என் மாமனார் ஊரில் மழைக்காலம் முடிகிற சமயம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார்கள். கோயில் கரட்டு மலை அடிவாரத்தில், ஊருக்கும் கோயிலுக்கும் நடுவே ஓடை. சமையல் அண்டாக்களை வீட்டு மூத்த மாப்பிள்ளைதான் தன் வண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். போன வருடம் என் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஜீப் அண்டாக்களோடு நடு ஓடையில் புதைந்தது. சின்ன மாமனார் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். அதோடு விட்டாரா?

“மாப்ளை, இதைய எனக்கே குடுத்துருங்க. கோழிப்பண்ணைக்குத் தீவனம் ஏத்திக்கறேன்” என்றார். ஊரே சிரித்தது. என் மனைவி மாலதி சிரிக்கவில்லை, எனக்கு அதுதான் பயம். அடுத்த முறையும் சிக்கினால் ஜீப்பை அவள் சித்தப்பாவுக்கே விற்றுவிடுவதாக அன்றைக்கே அவளிடம் வாக்குக் கொடுத்தேன். பதினாறு வருடமாக நான் ஓட்டும் வண்டி. வாக்குக் கொடுத்த வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

பழுது எங்கே என்பது எனக்குத் தெரியும். இந்த மாதிரி வண்டியில் முன்சக்கரத்தின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதுதான் லாக்கிங் ஹப். இறங்கிப்போய் இரண்டு பக்கமும் கையால் திருகிப் பூட்டினால்தான் இன்ஜினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகும். என் வண்டியில் இடது ஹப்புக்குள் பல் தேய்ந்து வழுக்கியது. ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கமும் இழுக்காது. இழுவை முழுக்க வழுக்கும் பக்கத்திலேயே சும்மா சுற்றிவிடும். எனவே இந்த வருடம் புதிய ஜோடி ஒன்று வாங்கினேன், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பொங்கலுக்கு முந்தைய நாள் காலை ஆறரைக்குக் கிளம்பி, இடையில் ஒரு டீ குடித்து, எட்டு மணிக்குத் திருச்செங்கோடு சேர்ந்தோம். மாலதியின் அண்ணன் சண்முகம் அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு ஃபிட்டர். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். மச்சான் ஷெட்டில் வேலை சுலபமாகவே நடந்தது. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மூடியின் ஆறு போல்ட், அச்சு முனையைப் பிடித்திருக்கும் வளையம், பிறகு பழைய ஹப்பை இழுத்தால் வந்துவிடும். புதியதைப் பொருத்தும் முன் மச்சான் கிரீஸ் வாளிக்குள் கையை விட்டு, அள்ளி அள்ளி உள்ளே அப்பினார்.

“இத்தனை வேணுமா மச்சான்?”

“கிரீஸுல கஞ்சம் புடிச்சா பேரிங் போயிருமுங்க மாப்ளை. ரிக்குல பார்க்கறமே!”

எனக்கும் அது சரியாகவே பட்டது. மதியச் சாப்பாட்டு அவசரத்தில் சோதித்தும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, அண்டாக்கள் ஏறிய ஜீப்போடு ஓடைக்கரை. மச்சான் பின்னால் தொற்றிக்கொண்டார். இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினேன். வலது ‘டக்’கென்று விழுந்தது. இடது மெத்தென்று போனது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மணலுக்குள் இரண்டு வண்டி நீளம்கூடப் போகவில்லை, பின்சக்கரங்கள் குழி பறிக்கத் தொடங்கின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. நல்லவேளை, ஆக்சிலேட்டரை உடனே விட்டேன்.

கரையில் டிராக்டர் உறுமியது. சின்ன மாமனார் கயிற்றைக்கூடத் தயாராக எடுத்து வந்திருக்கிறார்! எனக்கு அழுகை முட்டியது. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

மாலதி ஓடைக்குள் இறங்கி டிராக்டருக்கு முன்னால் நின்றாள். “கொஞ்சம் இருங்க சித்தப்பா. இன்னும் சிக்கலீங்க, நிக்குது.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு எத்தனை பட்டுப்புடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். மச்சான் அதற்குள் இடது ஹப்பைத் திறந்துவிட்டார். திருகும்போது உள்ளே நகர்ந்து பல்லோடு பல் கோக்க வேண்டிய வளையம் நகர இடமில்லாமல் கிரீஸில் அடைபட்டுக் கிடந்தது.

“ஐயோ மாப்ளை, ரிக்குக்கு வெக்கறாப்பலயே வெச்சுப்புட்டனுங்களே!”

மூடிக்குள் மணல் விழாமல் நான் துண்டை விரித்துப் பிடிக்க, அவர் கிரீஸையெல்லாம் வழித்தெறிந்து, விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி மூடினார். வலதையும் விட்டுவைக்கவில்லை. கால் மணி நேரம்தான் ஆனது. இடது ஹப்பை மறுபடி திருகினேன். டக்! ஒரு வருடமாக அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறேன் போல.

முதல் கியரில், வேகம் குறைந்து இழுவை கூடும் லோவில், பதறாமல் விட்டேன். முன்சக்கரங்கள் மணலைக் கவ்வின. ஜீப் குழியிலிருந்து எழுந்து, ஓடையைக் கடந்து, எதிர்க்கரை ஏறி, கோயில் வாசலில் போய்த்தான் நின்றது. ஓர் அண்டா மூடிகூடச் சரியவில்லை. நான் ஹாரனை விடாமல் அடித்தேன். ஐம்பது வயதில் அப்படி அடிக்கலாமா என்றால், அடிக்கலாம்.

பொங்கல் இறக்கியபின் சின்ன மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏனுங்க மாப்ளை, அப்ப வண்டி...”

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மாலதிதான் பதில் சொன்னாள். “தீவனத்துக்கு வேற வண்டி பாருங்க சித்தப்பா. இது கோயில் வண்டி.”

இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு: ஹப்பை ஜோடியாக மாற்றுங்கள். உள்ளே மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். கனமாக வைப்பதெல்லாம் பேரிங்குக்கு. ஜாக்கி வைத்து, பூட்டியும் திறந்தும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பூட்டினால் அச்சும் சேர்ந்து சுற்ற வேண்டும். மணலைப் பார்த்தபின் அல்ல, அதற்கு முன்பே பூட்டுங்கள். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

திரும்பும்போது தார்ச்சாலை ஏறியதும் நான் மறந்துபோய்க் கிளம்பப் பார்த்தேன். மாலதி கதவைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் இடது, பிறகு சுற்றிவந்து வலது. கையைத் துடைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து, “அடுத்த வருசம் பூட்டறதும் நானே பூட்டறேன், போங்க” என்றாள்.