பைட்டருக்கு ஒரு தட்டு

என் அக்காவின் கணவர் அற்புதமணியைத் தூத்துக்குடியில் 'பைலட்' என்று சொன்னால்தான் தெரியும். உப்பு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தபால் அனுப்பும் குமாஸ்தா. ஏரோப்ளேன் ஓட்டுவது கிடக்கட்டும், சைக்கிளில் போகும்போது எதிரே மாட்டுவண்டி வந்தாலே இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பைலட் என்று பேர் வந்ததற்குக் காரணம் ஒரு போட்டோவும் ஒரு சிரிப்பும்தான்.

1946-இல் வங்காளத்திலிருந்து திரும்பியபோது டிரங்குப் பெட்டியில் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தார். பெரிய ஏரோப்ளேன் ஒன்றின் சக்கரத்துப் பக்கத்தில் அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அதை முன்னறைச் சுவரில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, இது நீங்க ஓட்டின ப்ளேனா?" என்று கேட்டார்கள். அத்தான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தைந்து வருஷம் வாயைத் திறக்காமல், சிரித்தே பைலட் ஆன மனிதர் அவர் ஒருத்தர்தான்.

உண்மை என்னவென்றால், அவர் அங்கே சமையல்காரர். வெள்ளைக்காரர்களின் விமானத்தளத்தில் நாலு வருஷம் அடுப்போடு கிடந்தவர். இது தெரிந்தவர்கள் அத்தான், என் அக்கா கிருபை, நான், இந்த மூன்று பேர்தான். ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வீட்டில் குசினிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு சமைப்பார். ஆனால் வாசனைக்குத் தாழ்ப்பாள் போட முடியுமா? பக்கத்து வீட்டுச் சந்தனமாரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன கிருபை, வீட்ல விருந்தா?" என்பாள். "நாசரேத்துல இருந்து எங்க சித்தி வந்திருக்காவ" என்று அக்கா படுத்த படுக்கையிலிருந்தே பதில் கொடுப்பாள். அந்தச் சித்தி இருபத்தைந்து வருஷமாக யார் கண்ணிலும் படாமல் வந்து சமைத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் இப்படியே சிரிப்போடு போயிருக்கும். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்து கெடுத்தது.

'எதிரி ப்ளேன் கொழும்பு வழியா வாரானாம்' என்று எவனோ கிளப்பிவிட்டான். துறைமுகம் இருக்கிற ஊர் என்பதால் எல்லோருக்கும் கிலி பிடித்துக்கொண்டது. நோட்டுப்புத்தகக் கடை வைத்திருந்த செந்தில்வேல் 'வான்காவல் கமிட்டி' என்று ஒன்றை ஆரம்பித்தார். கடற்கரையில் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியின் மாடியில் ஆள் நிற்க வேண்டும்; ப்ளேன் வந்தால் கீழே இறங்கிப் போன் பண்ண வேண்டும். வானத்தில் சண்டை போடுகிற பைட்டர் என்றால் ஜனங்கள் சுவரோரமாக ஒதுங்கினால் போதும். குண்டு போடுகிற பாம்பர் என்றால் அபாயச் சங்கு ஊதி, ஊரே வெட்டிவைத்த குழிக்குள் இறங்க வேண்டும். இது கமிட்டியின் சட்டம். ஆனால் எது பைட்டர், எது பாம்பர் என்று கமிட்டியில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் காவலுக்கு நின்றவர் முத்துக்கனி, ரிட்டயர் ஆன தபால்காரர். காலை எட்டு மணிக்குப் போனில் அலறினார். "பாம்பரு! பதினெட்டு பாம்பரு வருது! வரிசையா வருது! எல்லாம் ரோஸ் கலரு!" சங்கு ஊதியது. ஊர் குழிக்குள் இறங்கியது. அரை மணி நேரம் ஒருத்தர் மேல் ஒருத்தராகக் கிடந்தோம். அந்தப் பதினெட்டும் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் இறங்கி ஒற்றைக் காலில் நின்ற பிறகுதான் பூநாரை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே செந்தில்வேல் அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஊர்ல ஒரு பைலட் இருக்கையில நாங்க பூநாரைக்குப் பயந்து குழிக்குள்ள கிடக்கலாமா? சனிக்கிழமை காலையில பள்ளிக்கூட ஹால்ல ஒரு மணி நேரம் பேசுங்க. பைட்டர் எது, பாம்பர் எது. அம்புட்டுதான்."

அத்தான் என்ன செய்தார்? சிரித்தார். செந்தில்வேல் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே நோட்டீஸ் அடித்துவிட்டார். 'முன்னாள் விமானப்படை வீரர் திரு. அற்புதமணி அவர்கள் உரையாற்றுவார்.'

வெறும் மானம் போகிற காரியம் என்றால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அத்தானின் ஒரே மகள் ஜெயசெல்விக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை பேசி முடியப்போகிற நேரம் அது. பையன் பேர் இன்பமணி, வாத்தியார் வேலை. ஜெயசெல்விக்கு அவனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டோவைச் சர்ச்சில் பாடும் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எந்தப் பாட்டைப் பாடினாலும் அவள் புத்தகம் மட்டும் அதே பக்கத்தில் நின்றது. அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பையனின் பெரியப்பா பொன்னுதுரை. வேறொரு பெண்ணைப் பி.ஏ. பாஸ் என்று சொல்லிவிட்டு ஒரு பேப்பர் பாக்கி இருந்ததை மறைத்ததற்காக ஏற்கனவே ஒரு சம்பந்தத்தை முறித்தவர். பொய் என்றால் அந்த மனிதருக்கு ஆகாது. அப்படிப்பட்டவருக்கு, 'பெண்ணின் தகப்பனார் விமானப்படையில் இருந்தவர்' என்று கடிதம் எழுதிய புத்திசாலி நான்தான். என் கையை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும்.

நோட்டீஸ் எப்படியோ சாத்தான்குளம் போய்ச் சேர்ந்தது. பொன்னுதுரையிடமிருந்து பதில் வந்தது. 'சனிக்கிழமை நாங்கள் எட்டுப் பேர் வருகிறோம். தங்களுடைய பேச்சைக் கேட்டுவிட்டு, பெண்ணைப் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுத் திரும்புவோம். நானும் விமானப்படையில் ஆறு வருடம் இருந்தவன். நாம் பேச நிறைய இருக்கிறது.'

நான் நூலகத்திலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு நாள் அத்தானுக்குப் பாடம் நடத்தினேன். பச்சைப்பிள்ளைக்குக்கூட அதற்குள் ஏறியிருக்கும். இவருக்கு வால் எது, மூக்கு எது என்றே பிடிபடவில்லை.

"நாலு வருசம் அங்கன இருந்தீங்களே அத்தான், ஒரு ப்ளேனைக்கூடவா உருப்படியாப் பாக்கலை?"

"குசினி ஜன்னல் பின்பக்கம்லா இருந்துது. வாழைத்தோப்புதான் தெரியும்."

"அப்பம் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிடுங்க. நான் போயிச் சொல்லிருதேன்."

அக்கா அரிவாள்மணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "ஏலே பிரசாதம், இன்னொரு பொய்யாலே? கடிதம் எழுதின லெச்சணம் போதும். இருபத்தஞ்சு வருசம் சிரிச்சாச்சு. இனிமே வாயைத் திறக்கட்டும்."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாலில் நிற்க இடமில்லை. சங்கு குளிக்கிறவர்கள்கூட அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சாத்தான்குளத்துக்காரர்கள் எட்டுப் பேர். நடுவில் பொன்னுதுரை, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தான் எழுந்தார். "பைட்டர் என்பது... மணிக்கு முந்நூறு... முந்நூற்றுச் சொச்சம்..." என்று இழுத்தார். வியர்வையைத் துடைத்தார். "அதுக்கு இறக்கை ரெண்டு."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாம்பருக்கும் இறக்கை ரெண்டு" என்றார்.

"அப்பம் வித்தியாசம் என்ன அண்ணாச்சி?" என்று முத்துக்கனி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

பொன்னுதுரை தொண்டையைச் செருமினார். "அது இருக்கட்டும். நீங்க எதுல பறந்தீங்க? பைட்டர்லயா, பாம்பர்லயா?"

அத்தான் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. வந்தது பாதியில் நின்றது. பெண்கள் பக்கத்தில் ஜெயசெல்வி பாமாலைப் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார்.

"நான் எதுலயும் பறக்கலை. அங்கன குசினியில சமையல்காரனா இருந்தேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. செந்தில்வேல் மிச்ச நோட்டீஸ் கட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு வாசலிலும் ஆள் நின்றது.

பொன்னுதுரை மட்டும் சிரிக்கவில்லை. "சரி, இத்தனை பேரைக் கூட்டி வச்சிருக்கேரு. வித்தியாசத்தைச் சொல்லிட்டுப் போவும்" என்றார். 'நீங்க' போய் 'நீர்' வந்துவிட்டது. போச்சு, ஜெயசெல்வி கல்யாணம் அவ்வளவுதான்.

அத்தான் மேஜை மேல் இருந்த என் நூலகப் புத்தகத்தை மூடி ஒதுக்கினார்.

"பைட்டருன்னா ஒரு ப்ளேனு, ஒரு ஆளு, ஒரு தட்டு. எதிரி ப்ளேனை விரட்டத்தான் அது போவும். வேகமாப் போவணும், அதனால பாரம் ஏத்த மாட்டாங்க. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல இறங்கிரும். அதுவரைக்கும் நான் சோத்தை அடுப்புல இருந்து இறக்கவே மாட்டேன். பாம்பருன்னா ஒரு ப்ளேனு, எட்டு ஆளு, எட்டுத் தட்டு. ஓட்ட ஆளு, வழி பாக்க ஆளு, குண்டு போட ஆளு, துப்பாக்கிக்கு ஆளு. அதுக்கு வானத்துல யாரு கூடயும் சண்டை வேண்டாம். கீழ இருக்க பாலமும் ரயிலும் துறைமுகமும்தான் அதுக்குக் குறி. சாயங்காலம் போனா மறுநாள் காலையிலதான் வரும்."

"கூரை மேல நிக்கவனுக்குத் தட்டு எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்றார் முத்துக்கனி.

"காதால கேளும். பாரம் சுமக்கவன் துள்ளிக் குதிப்பானா? பாம்பரு நேரா வரும். நாலு மாவுமில்லு ஒண்ணா ஓடுத மாதிரி ஒரே சத்தம். பைட்டரு வளையும், ஏறும், இறங்கும். சத்தமும் கூடவே ஏறி இறங்கும். இப்பம் ஜெட்டு வந்து சத்தம் மாறியிருக்கலாம். பாரம் மாறாது. அப்புறம் முத்துக்கனி, எந்தப் ப்ளேனும் இறக்கையை அடிக்காது. அதை மனசுல வச்சிக்கிடும்."

இந்தத் தடவை ஹால் சிரித்தது முத்துக்கனியைப் பார்த்து.

பொன்னுதுரை விடவில்லை. "சத்தத்தை வச்சே சரியாச் சொல்லிருவீரோ? தப்பினதே இல்லையோ?"

"ஒரு தடவை தப்பிட்டு" என்றார் அத்தான்.

மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பாம்பரு ஆளுங்க வந்து இறங்கினதும் ஆளுக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடுக்கணும். சூடாத் தின்னட்டும்னு, சத்தம் கேட்ட பிறகுதான் உடைப்பேன். ஒருநாள் காலையில எல்லாம் வந்திட்டு, ஒண்ணு மட்டும் வரலை. எட்டுத் தட்டு வச்சது வச்சபடி இருக்கு. ஒம்பது மணிக்குச் சத்தம் கேட்டுது. வந்திட்டாங்கன்னு சந்தோசத்துல எட்டு முட்டையையும் உடைச்சு ஊத்திட்டேன். வந்தது பைட்டரு. ஒரே ஒருத்தன் உள்ள வந்தான். எட்டு முட்டையையும் பாத்தான், என்னையும் பாத்தான். ஒண்ணுஞ் சொல்லாம வெளிய போயிட்டான். நான் மத்தியானம் வரைக்கும் தட்டை எடுக்கலை. அந்த எட்டுப் பேரும் வரவே இல்ல."

அத்தான் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"எங்க வீட்டுச் சுவத்துல இருக்க போட்டோவை எடுத்தது அதுல ஒருத்தன். அதைக் காட்டி, நீ ஓட்டின ப்ளேனான்னு கேட்டா நான் எதைச் சொல்ல? அதான் சிரிச்சேன். பொறவு பைலட்டுன்னு கூப்பிட்டாங்க. அது கேக்க நல்லாத்தான் இருந்துது. அதையும் ஒத்துக்கிடுதேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சிரிப்பை எத்தனை தடவை முகத்துக்கு நேரே கேலி பண்ணியிருக்கிறேன்! ஒரு நாளாவது, 'அத்தான், இதை எடுத்தது யாரு?' என்று கேட்டேனா? பாவி, கேட்கவில்லையே.

பொன்னுதுரை எழுந்தார். "நானும் பறந்தவன் இல்ல. பாம்பருல குண்டு மாட்டின ஆளு" என்றார். கூட வந்த ஏழு பேரும் சடாரென்று அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இது புதுச் செய்தி போல. "நாங்க மாட்டி அனுப்பிட்டுப் படுக்கப் போயிருவோம். எத்தனை பேரு திரும்புதான்னு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தது குசினிக்காரன்தான்னு இன்னைக்குத்தான் தெரியுது." பிறகு கட்டைக் குரலில், "மத்தியானச் சாப்பாடு யாரு கையால?" என்று கேட்டார்.

"நான்தான் வைக்கேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம். அவரு வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு வீட்டில் குசினிக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீலா மீன் குழம்பு கொதிக்க வைத்தார். வாசனை தெருமுனை வரை போனது. சந்தனமாரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சித்தி வந்தாச்சா கிருபை?"

"வந்தாச்சு ஏளா. வந்து பாரு."

பார்த்தவள் வாயில் கை வைத்தாள். "அட பாவமே, மீசை வச்ச சித்தியா!"

முன்னறையில் பாய் விரித்து, ஜெயசெல்வி எட்டுத் தட்டு வைத்தாள். குழம்பும் சோறும் வந்துவிட்டன. அத்தான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியைப் போட்டுவிட்டு, முட்டைக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவர் உடைக்கவில்லை. குசினி வாசலுக்கு வந்து முன்னறையை எட்டிப் பார்த்தார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுத் தட்டுக்கு முன்னால் ஆள் இல்லை.

"பொன்னுதுரை அண்ணாச்சி கை கழுவப் போயிருக்காவ அத்தான். இப்பம் வந்திருவாவ. நீங்க உடைங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஒரு முட்டையோடு அப்படியே நின்றார்.

பொன்னுதுரை கொல்லைப்பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அத்தான் நிற்பதைப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார். அவசரமாக வந்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டுப் பேரும் வந்தாச்சு சம்பந்தி" என்றார். "உடைங்க."