விசா அக்காவின் பட்டியல்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத அவளுக்கு அலுவலகத்தில் பெயர் 'விசா அக்கா'. வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் அந்த இரண்டு அறை அலுவலகத்தில் பதினேழு வருஷமாக வேலை. பெற்றோர் வந்து உட்காருவார்கள், பிள்ளை நகம் கடிக்கும், இவள் கல்லூரிப் பட்டியலை நீட்டுவாள். "முதல் அஞ்சுல எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்." நாளைக்குப் பத்து தடவை. தொண்டை வறண்டது, இடுப்பு விட்டுப்போனது, பேச்சு மட்டும் மாறவில்லை.

முதல் ஐந்தும் என்ன பெரிய கொம்பா? ஆள் அனுப்பினால் தரகு தருகிற கல்லூரிகள், அவ்வளவுதான். தராதவை எவ்வளவு நல்லவையானாலும் கீழே. அது முதலாளி போட்ட வரிசை. சேர்ந்த புதிதில் அவளுக்கு உறுத்தியது. வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே, உறுத்தல் எத்தனை நாள் தாங்கும்? பட்டியலில் இரண்டாவதாக இருந்த கல்லூரிக்குப் போன பையன்களில் ஒருவன் எப்போதாவது போன் செய்து, "லேப் பூட்டியே கிடக்குது அக்கா" என்பான். "போகப் போகச் சரியாயிடும்பா" என்று வைத்துவிடுவாள். சொல்லிச் சொல்லி அந்த வரிசையை அவளே நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை. இல்லாவிட்டால் அதே பட்டியலைப் பெற்ற மகளிடம் கொடுத்து, "அசதியா இருக்கு, நீயே பார்த்து விண்ணப்பம் போடு" என்றிருப்பாளா?

மகளுக்குப் பாலம் கட்டும் இன்ஜினியர் ஆக வேண்டும். இரண்டாவது கல்லூரியும் பதினோராவதும் இடம் கொடுத்துவிட்டன. இன்று மாலை ஆறுக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

"ரெண்டாவதையே போட்டுடறேன்மா. அதை விட்டுட்டு யாராவது பதினொண்ணுக்குப் போவாங்களா?"

லேப் பூட்டியே கிடக்கிறது என்ற அந்தக் குரல் அப்போதுதான் அம்மாவின் காதில் விழுந்தது.

"இரு பாப்பா, அழுத்தாதே. அது தர வரிசை இல்லடி. எங்களுக்குத் தரகு தர்றவங்க வரிசை."

"அப்போ பதினொண்ணு?"

"அவங்க சல்லிக்காசு தரமாட்டாங்க. பாலம் படிக்கணும்னா அங்கேதான் போகணும்."

மகள் பதினோராவது கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பினாள். அப்பாடா என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை தப்பித்தது.

"மாடி வீட்டு அண்ணனை எங்கேம்மா அனுப்பினே?"

போன வருஷம் போன பையன். அவன் அம்மா இன்றைக்கும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க புண்ணியம்" என்பாள்.

"ரெண்டாவதுக்கு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.