சிறுமலைக்கு மேல் வந்த குரல்

சட்டியில் கடுகு பொரிவதுபோல ரேடியோவில் ஓர் இரைச்சல்... வெயில் இறங்கிய பிறகும் காலைச் சுடும் மொட்டைமாடி... நான் திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது.

கல்லூரியில் தொற்றிக்கொண்ட பழக்கம் எனக்கு. ரேடியோவைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் அமெச்சூர்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே சின்னச் சின்ன செயற்கைக்கோள்கள் உண்டு. அவை தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் பிடித்துக் கேட்பேன். ஆன்டெனா நானே செய்தது. கொத்தனார் வைத்திருக்கும் அளவு டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் குறுக்கே கட்டியது. செயற்கைக்கோள் நகர நகர அதைக் கையால் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புது மருமகள் மாடியில் கம்பியை ஆட்டுகிறாளாம், அதனால்தான் டிவி சரியாகத் தெரியவில்லையாம். சாப்பிடும்போது மாமா சொன்னார்.

"அதைக் கழட்டிப்புடும்மா. ஊரு வாயை மூட ஏலாது."

எனக்குப் பயமில்லை. "கழட்டிடுறேன் மாமா. ஒரே ஒரு தடவை மேல வந்து கேளுங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மாமாவும் அத்தையும் வந்தார்கள். ரேடியோவின் அலைவரிசையையும் இடையிடையே மாற்ற வேண்டும், எனக்கு இரண்டு கை போதாது. ஆன்டெனாவை அத்தையிடம் கொடுத்தேன்.

"சிறுமலையைப் பாத்துப் பிடிங்க அத்தை. அங்கிட்டிருந்துதான் வரும்."

இரைச்சல்... வெறும் இரைச்சல். மாமா கீழே இறங்கத் திரும்பினார். அத்தைக்குக் கை வலித்திருக்க வேண்டும், மணிக்கட்டை லேசாகத் திருகிப் பிடித்தார். சட்டென்று இரைச்சல் அடங்கியது.

"...யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன். நான் கதைக்கிறது விளங்குதோ?"

அத்தை அசையவே இல்லை. "ஏத்தா, நம்ம பேச்சுல்ல பேசுறாக" என்றார் மெதுவாக. "வெளங்குதுன்னு சொல்லு."

"நம்மகிட்ட கேக்குற செட்டு மட்டும்தான் இருக்கு அத்தை. நகருது... வடக்கே திருப்புங்க."

திருப்பினார். இறங்கப்போன மாமா திரும்பி வந்து, குரல் மங்கி மறையும்வரை ரேடியோ பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார், "நாளைக்கும் வருமா?"

பக்கத்து வீட்டுக்காரரிடம் அவரே பேசினார். "உங்க டிவி ஒயரைப் பாருங்கப்பு. எங்க வீட்டுல இருக்கது கேக்குற செட்டுதேன், எதையும் வெளிய அனுப்பாது."

இப்போது மாடியில் மோட்டார் வைத்த ஆன்டெனா. கம்ப்யூட்டர் சொல்லும் பக்கம் தானாகத் திரும்புகிறது. நான் கீழே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்கிறேன். உலகத்தில் எங்கோ யாரோ பிடித்ததை இணையத்திலும் கேட்கலாம். வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் செயற்கைக்கோள் வரும் நேரத்துக்கு அத்தை மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறிவிடுகிறார். மோட்டாரையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு மேலேயிருந்து குரல் வரும்.

"ஏத்தா, இந்த மோட்டாரு செத்த பிந்தித் திரும்புது... நான் கையால திருப்பட்டுமா?"